குற்று இல்லாத ஏடும் பறக்காத ஈயும்

வாழைப்பழச் சீப்பைச் சுத்திப் பறக்கிற அந்தச் சின்னப் பழ ஈயைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: "இலையானை ஆராஞ்சு என்னத்தைக் காணப்போறியள்?" மருந்து வரும், தடுப்பூசி வரும் என்று சமாளிக்கிறது எனக்குப் பிடிக்காது. ஈயிடம் கேட்டால்தான் பதில் கிடைக்கிற கேள்விகள் இருக்கு. ஒன்றைச் சொல்றன்.

உயர்தரத்தில் தூது ஆர்.என்.ஏயைத் தபால்காரன் மாதிரித்தான் படிச்சனாங்கள். டி.என்.ஏ சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுக்கும், புரதம் உருவாகும், கதை முடிஞ்சுது. ஆனால் அந்தக் கடிதத்தின் எழுத்துகள் மேல் கலம் தானாகச் சில அடையாளங்களைப் போடுகிறது. அதில் ஒன்று எம்6ஏ. அடினின் மேல் ஒரு சின்ன மெதைல் கூட்டம், அவ்வளவுதான். எழுத்து மாறாது, வாசிப்பு மாறும். எங்கட 'க'வுக்கு மேல குற்று வைத்தால் 'க்' ஆகிற மாதிரி.

1974 இலேயே இந்த அடையாளம் தெரியும். அது ஒரு விலங்கின் வளர்ச்சியில் என்ன செய்யுது என்று கேட்கத்தான் ஈ தேவைப்பட்டது. எலியில் அதைப் போடுகிற நொதியத்தை முழுதாக நீக்கினால் முளையத்திலேயே செத்துப்போகும். முக்கியம் என்று தெரியும், ஆனால் பிறகு எதுக்கெல்லாம் தேவை என்று பார்க்க உயிர் மிஞ்சாது.

ஈ பிழைக்கிறது. 2016 இல் ஜேர்மனியின் மைன்ஸிலும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலும் இருந்த குழுக்கள் இதை நேச்சர் இதழில் எழுதின. நொதியம் இல்லாத ஈ குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, முழு ஈயாக வெளியே வருகிறது. ஆனால் பறக்கேலாது. நடையும் சீரில்லை. இந்த அடையாளம் நரம்புத் தொகுதியில்தான் கூடுதலாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. ஈ பெண்ணாக வளர, பாலைத் தீர்மானிக்கிற பரம்பரையலகின் ஆர்.என்.ஏயில் ஒரு துண்டை விட்டுவிட்டு மிச்சத்தை ஒட்ட வேண்டும். அதுக்கும் இது கைகொடுக்கிறது.

பழைய ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் குற்று இராது. வாசிக்கலாம், ஆனால் தடக்கும். இந்த ஈயும் அப்படித்தான்.

"உயிரோட இருக்குத்தானே, பிறகென்ன?" என்பது எங்களுக்குப் பழகிப்போன அளவுகோல். உயிரோடு இருப்பதற்கும் பறப்பதற்கும் இடையில் எவ்வளவு இருக்கு என்று காட்டினது இந்த ஈதான். அதைப் படிக்கிறது வீண் என்று எனக்குச் சொல்ல வராது.