அமானிதம்

2017 மார்ச் 27 அன்று ஜப்பானின் நாசு மலையில் பனிச்சரிவில் சிக்கி 7 பள்ளி மாணவர்களும் 1 ஆசிரியரும் மாண்டனர். வானிலை கருதி மலையேற்றத்தைக் கைவிட்டவர்கள், பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தும் ஆழ்பனியில் நடக்கும் பயிற்சியைக் கைவிடவில்லை. பொறுப்பாசிரியர் மூவருக்கு 2024இல் மாவட்ட நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

தொலைநாட்டுச் செய்தியென நாம் வாளாவிருத்தல் தகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் காட்டுத்தீக்கு இரையாயினர். ஒரு பொறி விளைக்கும் அழிவைச் சிவகாசி வட்டாரத்தாராகிய நாம் நன்கறிவோம்.

மாணவர், பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் வானிலையைக் கேட்டறிக. வனத்துறையின் அனுமதி பெறுக. ஐயம் எழுமாயின் பாதி வழியிலும் திரும்பிவிடுக. அன்று வாடும் மாணவர் முகம் மறுநாள் மலரும்.