லைட்டைப் பிடுங்கினா பிரேக் பிடிக்குமா?

எங்க பக்கத்துல பழைய ஜீப்பு வகை வண்டி வச்சிருக்கவங்க டேஷ்போர்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பல வண்டியில ஏபிஎஸ்-னு மஞ்சள் லைட்டு விடாம எரிஞ்சுகிட்டே கெடக்கும். சில வண்டியில எரியாது. எரியாத வண்டியெல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சிராதீங்க அண்ணாச்சி. பல்பைப் பிடுங்கியிருப்பாங்க. அதை விடக் கெட்டிக்காரத்தனமா, ஏபிஎஸ் லைட்டு வயரை ஆயில் லைட்டோட சேத்து முறுக்கி விட்டிருப்பாங்க. சாவி போட்டா எரியும், இஞ்சின் ஓடினா அணையும். பாக்குறவனுக்கு எல்லாம் சரியா இருக்க மாதிரி தெரியும்.

இதைத்தான் நம்ம ஆளுக 'ஏபிஎஸ் சரி பண்ணியாச்சு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. மடையில ஓட்டை விழுந்தா ஓட்டையை அடைப்பியா, இல்ல ஓட்டை இருக்குன்னு சொன்ன நீர்ப்பாய்ச்சியை வேலையை விட்டு நிப்பாட்டுவியா?

முதல்ல அது என்ன செய்யுதுன்னு சொல்லிருதேன். ஓடுற வண்டியில பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிடும். பூட்டின சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. நீங்க வலது பக்கம் ஒடிச்சாலும் வண்டி நேராத்தான் வழுக்கிட்டுப் போகும். ஏபிஎஸ் உள்ள வண்டியில சக்கரத்துப் பக்கம் ஒரு பல்லு வளையம், அதுக்கு எதிர்ல ஒரு சென்சார். பல்லு போற வேகத்தை வச்சு எந்தச் சக்கரம் பூட்டப் போகுதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அந்தச் சக்கரத்துக்குப் போற பிரேக் ஆயில் அழுத்தத்தை ஒரு வினாடிக்குள்ள பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். பெடல் கால்ல தடதடன்னு அடிக்கும். பயந்து காலை எடுத்துரக் கூடாது. அழுத்தி மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கை ஒடிக்கணும்.

இது நேத்து வந்த சங்கதி இல்ல. 1978-லயே ஜெர்மனியில பாஷ் கம்பெனி செஞ்சு கொடுத்து பென்ஸ் காருல வந்துட்டு. நம்ம நாட்டுல 2019 ஏப்ரல்லேருந்து விக்கிற புதுக் காரு எல்லாத்துக்கும் கட்டாயம்.

'நம்ம ஊரு ரோட்டுக்கு இது எதுக்குய்யா? சரள்ல ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்கவே நிக்காது'ன்னு ஒரு வாதம் டீக்கடையில எப்பவும் உண்டு. அதுல உண்மை இருக்கு, மறுக்கல. உதிரிச் சரள்ல பூட்டின சக்கரம் முன்னால கல்லைக் குமிச்சு அதுலயே முட்டி நிக்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருள விடுறதால நிக்கிற தூரம் கூடும். சரி, வயக்காட்டுப் பாதையில எம்புட்டு வேகத்துல போறோம்? பதினஞ்சு, இருபது. ஆபத்து அங்க இல்ல. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல்னு தார் ரோட்டுலதான் எழுபதுல போறோம். ஐப்பசி, கார்த்திகை மழை. டிராக்டர் கேஜ் வீல் இழுத்துப் போட்ட தொழிச் சகதி. பிசான அறுவடைன்னா ரோட்டுலயே நெல்லும் வைக்கோலும். இதுல ஒரு பக்கச் சக்கரம் சகதியிலயும் மறு பக்கம் காஞ்ச தார்லயும் இருக்கும்போது பிரேக்கை மிதிச்சா வண்டி எப்படிச் சுத்தும்னு ஓட்டினவனுக்குத் தெரியும். அப்போ பின்னால உக்காந்திருக்கது உர மூட்டை மட்டும் இல்ல, நடவுக்குப் போற எட்டுப் பொம்பளையாளுக.

இன்னொன்னும் சொல்லணும். மஞ்சள் லைட்டு மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. அதோட சேந்து சிவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா கதை வேற. ஆயில் குறைஞ்சிருக்கலாம், இல்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கு வைக்கிற ஏற்பாடும் போயிருக்கலாம். அப்படிப் போனா பின் சக்கரம் முதல்ல பூட்டி வண்டி திரும்பி நிக்கும். அந்த வண்டியை எடுக்காதீங்க. லைட்டையே பிடுங்கிட்டா எது எரியுதுன்னு எப்படித் தெரியும்?

மெக்கானிக்கை மட்டும் திட்டுனா நியாயம் இல்ல. அவனை அந்த எடத்துல கொண்டு நிறுத்தினது யாரு?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நம்மாளு யாருக்கும் மறக்காது. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சு. என் வண்டி சக்கரம் முங்க ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு ஏபிஎஸ் லைட்டு எரிய ஆரம்பிச்சுது. ஒரு சர்வீஸ் சென்டர்ல விட்டேன், பேரு வேண்டாம். 'யூனிட் போயிட்டு சார், முழுசா மாத்தணும்'னு 62,000 ரூபாய்க்கு ஒரு தாள் நீட்டினாங்க. கம்ப்யூட்டர்ல என்ன கோடு வந்துச்சுன்னு கேட்டேன். 'அதெல்லாம் வெளிய காட்ட மாட்டோம் சார்'னுட்டாங்க. ஏம் வண்டி, ஏம் பிரேக்கு, ஏம் காசு. என்ன கோளாறுன்னு மட்டும் எனக்குச் சொல்ல மாட்டாங்களாம்!

வண்டியை எடுத்துட்டு வந்து நம்ம பக்கத்து எலக்ட்ரீசியன் தம்பி கிட்ட விட்டேன். மல்டிமீட்டர் ஒண்ணுதான் அவன் ஆயுதம். முதல்ல பேட்டரி, பியூஸ் பாத்தான். அடுத்து ஒவ்வொரு சக்கரத்துச் சென்சாரையும் கழட்டி ஓம்ஸ் அளந்தான். பழைய ரெண்டு வயர் சென்சார்ல பெரும்பாலும் 1000-லேருந்து 2000 வரைக்கும் காட்டும். அதை விட முக்கியம், இடதும் வலதும் ஒத்துப் போகணும். பின்னால இடது பக்கம் மீட்டர் அசையவே இல்ல. கனெக்டரைப் பிரிச்சா உள்ள செம்பு பச்சை பூத்து உதிருது. 'அண்ணாச்சி, யூனிட்டு நல்லாத்தான் இருக்கு, வயருதான் செத்துப் போச்சு'ன்னான். சென்சாரும் வயரும் கூலியும் சேத்து 1,850 ரூபாய்.

62,000 எங்க, 1,850 எங்க? இந்த வித்தியாசம்தான் பல்பைப் பிடுங்க வைக்குது. ஒரு போகம் முழுக்க உழைச்சாலும் கையில நிக்காத தொகையைக் கேட்டா, 200 ரூபாய்க்கு லைட்டை அணைக்கிறவன் கிட்டத்தான் சம்சாரி போவான்.

சந்தேகப்பட வேண்டிய வரிசை இதுதான், எழுதி வச்சுக்கிடுங்க. பேட்டரி வோல்டேஜ், பியூஸ். அப்புறம் கனெக்டரும் வயரும், எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. அப்புறம் சென்சார் முனையில ஒட்டின இரும்புத் தூளு, சகதி. வளையத்துல துரு, ஒடிஞ்ச பல்லு. வீல் பேரிங் ஆட்டம். நாலு டயரும் ஒரே அளவா? சக்கரத்தைத் தூக்கிக் கையால சுத்தினா பழைய மாதிரி சென்சார்ல ஏசி வோல்ட் கொஞ்சமாவது வரணும். புது மாதிரி சென்சாரை ஓம்ஸ் வச்சு அளக்காதீங்க, கெட்டுப் போகலாம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். இல்லன்னா யூனிட்டுக்குள்ள வால்வு துருப்பிடிக்கும். இம்புட்டும் பாத்த பெறகுதான் யூனிட்டு மேல கை வைக்கணும்.

வொர்க்‌ஷாப் தம்பிக்கு இதெல்லாம் தெரியும். இல்லாதது கருவிதான். சல்லிசா வாங்குற ஸ்கேனர் பலதும் இஞ்சின் கோடை மட்டுந்தான் படிக்கும், ஏபிஎஸ் கோடு படிக்காது. இது நான் மட்டும் பொலம்புற பொலம்பல் இல்ல. 2014 ஆகஸ்ட் 25-ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி அபராதம் போட்டுது. உதிரி பாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி வொர்க்‌ஷாப்புக்குக் கிடைக்க விடாம வச்சிருக்காங்கங்கிறதுதான் குத்தம். அதுக்குப் பெறகு அப்பீலு, கேஸுன்னு வருசம் ஓடிட்டு. 2022 டிசம்பர்ல ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு. வண்டியும் விவசாயக் கருவியும் அதுல உண்டு. கம்பெனி கொடுத்தே ஆகணும்னு சட்டம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2023-ல சட்டமே போட்டுட்டாங்க, டிராக்டர் கம்பெனி ரிப்பேர் விவரத்தையும் கருவியையும் விவசாயிக்குக் கொடுக்கணும்னு. அங்க ஆயிரம் ஏக்கர்க்காரனுக்கு உள்ள உரிமை இங்க ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு வேண்டாமா?

கம்பெனிக்காரங்களே, வயரிங் படத்தையும் கோடு பட்டியலையும் காசுக்காவது குடுங்க. சென்சாரைத் தனியா கடையில கிடைக்க விடுங்க. ஆர்டிஓ அதிகாரிகளே, எஃப்சிக்கு வாற வண்டியில லைட்டு அணைஞ்சிருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, முதல்ல எரியுதான்னும் பாருங்க. மெக்கானிக் தம்பிகளா, முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, பொய் லைட்டு மட்டும் கட்டாதீங்க.

வண்டி வச்சிருக்க நம்மாளுக செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. சாவியைப் போடுங்க, இஞ்சினை எடுக்காதீங்க. பெரும்பாலான வண்டியில ஏபிஎஸ் லைட்டு எரிஞ்சு, சில வினாடியில தானா அணையணும். எரியவே இல்லன்னா பல்பு இல்ல. ஆயில் லைட்டோட சேந்து எரிஞ்சுகிட்டே இருந்தா, உங்க வண்டியில யாரோ பொய் கட்டி வச்சிருக்கான். பழைய வண்டி வாங்கப் போறப்பவும் இதையே செய்யுங்க. காசு குடுக்கதுக்கு முன்னால செய்யுங்க.