தள்ளிப்போட்ட ஆபரேஷன்

கொல்கத்தாவில் அலிப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது 1876ல் திறக்கப்பட்ட மிருகக்காட்சி சாலை. அதன் மதிலுக்கு வெளியே, பழைய பங்களாக்களிலும் அவற்றை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகளிலும் இன்னொரு விலங்குக் கூட்டம் குடியிருக்கிறது. லாப்ரடார், பக், ஸ்பிட்ஸ், பெர்ஷியன் பூனை. ஏசி அறை, வேளாவேளைக்குக் கோழி, உலாவ அழைத்துப்போக ஆள். ஆனால் தெருநாய்க்கு இலவசமாகக் கிடைக்கிற ஒன்று இவற்றில் பலவற்றுக்குக் கிடைப்பதில்லை: குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்.

சென்னையில் ப்ளூ கிராஸ் 1960களிலேயே வலியுறுத்திய இந்த யோசனையை மாநகராட்சி 1990களின் நடுவில் ஏற்றது. 2001ல் மத்திய அரசின் விதியாயிற்று. 2023ல் புது விதிகள் வந்தன. எல்லாம் தெருநாய்க்கு. வீட்டு நாய்க்கு முடிவெடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அவருக்கு மனசு வருவதில்லை. "பாவம், வாயில்லா ஜீவன்." "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே." "குண்டாகிவிடும்." கடைசிக் காரணம் மட்டும் பாதி உண்மை, சாப்பாட்டைக் குறைத்தால் சமாளிக்கலாம். ஒரு ஈற்று போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை.

பிறகு ஏழெட்டு வயதில் ஒருநாள் நாய் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது. குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வெயில் காரணம் என்பார் ஒருவர். சர்க்கரையாக இருக்குமோ என்பார் இன்னொருவர். ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன் அது 'ஹீட்'டில் இருந்ததை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வந்திருப்பது பயோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ். கரு தரித்தாலும் தரிக்காவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கவைக்கிறது. வயது ஏற ஏற அது கிருமிகளுக்கு வசதியான மெத்தையாகிவிடுகிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வடிந்து காட்டிக்கொடுக்கும். மூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்; கருப்பை வெடிக்கவும் கூடும். ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருந்தது.

அப்போதும் பெரும்பாலும் வழி அதே ஆபரேஷன்தான்: கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது. இளம் நாய்க்குச் சின்ன வெட்டு. பெரும்பாலும் அன்று மாலையே வீடு. இப்போதோ சீழ் நிரம்பி ஊதிய கருப்பை; கைதவறிக் கிழிந்தால் வயிறு முழுக்கச் சீழ். சலைன், ஆன்டிபயாடிக், நாள்கணக்கில் காவல். செலவும் பல மடங்கு. கிழநாய் மயக்க மருந்தைத் தாங்குமா என்ற கவலை வேறு. 1893 முதல் கால்நடைக் கல்லூரி இருக்கும் பெல்காச்சியாவோ நகரின் மறுகோடியில்.

சரி, எந்த வயதில் செய்வது? ஆறு மாதம் என்பதுதான் முன்பெல்லாம் பொதுவான பதில். கோல்டன் ரெட்ரீவரில் ஒரு வயதுக்குள் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாக 2013ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அதிலிருந்து பல டாக்டர்கள் இனம் பார்த்து நாள் குறிக்கிறார்கள். பெரிய இனமானால் காத்திருக்கலாம், மாதக்கணக்கில். வருடக்கணக்கில் அல்ல.

மயக்க மருந்தைப் பற்றிய பயம் முழுக்க வீண் அல்ல. (புலியைப் படுக்கவைக்கும் கலவையில் சேர்கிற கெட்டமின்தான் பூனை ஆபரேஷனுக்கும், அளவுதான் வேறு.) பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சு முட்டலாம். பக்கத்திலேயே ஆள் இருக்கும் கிளினிக்கா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பிய பின் ஆபத்து பெரும்பாலும் பாசத்தின் வடிவில்தான் வருகிறது. வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுக்கிறார்கள். பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிரைக் குடிக்கும் விஷம். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனல் தையல் பிரிக்கும்வரை, பத்துப் பதினான்கு நாள், இருக்க வேண்டும். தூங்க முடியாமல் தவிக்கிறதே என்று இரவில் கழற்றிவிடுகிறார்கள். விடிவதற்குள் நாய் தையலை நக்கிப் பிரித்திருக்கும்.