சிறை வேண்டாம், ஆனால் சும்மாவும் விடமாட்டோம்!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கொல்லிமலை அரியூர் நாட்டில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். மிளகு பறிக்கும் நேரம். பக்கத்துத் தோட்டக்காரர் காயவைத்துக் கட்டியிருந்த ஒரு மூட்டையை இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிடுகிறான். பிடிபடுகிறான். வழக்கு நடக்கிறது. குற்றம் நிரூபணமாகிறது. இதற்கு முன் ஒரு வழக்கும் இல்லாதவன்.

இப்போது அவனை என்ன செய்வது?

‘உள்ளே தூக்கிப் போடு, அப்போதுதான் புத்தி வரும்’ என்பார் ஒருவர். ‘சின்னப் பையன், போகட்டும் விடுங்க’ என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதுதான் நன்னடத்தை விடுதலை.

இது நேற்று வந்ததல்ல. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ல் வந்தது. உலக அளவில் இதன் தொடக்கத்தைத் தேடினால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸிடம் போய் நிற்போம். 1841-ல், குடித்ததற்காகக் கோர்ட்டில் நிறுத்தப்பட்ட ஒருவரை, ‘என் பொறுப்பில் விடுங்கள்’ என்று கேட்டு வாங்கினார். சில வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு நீதிபதி முன் வந்து நின்றார். அகஸ்டஸ் 1859-ல் இறந்தார். அதற்குள் அவர் அப்படிப் பொறுப்பேற்றவர்கள் ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கும் மேல்.

அவர் செய்தது இரண்டு வேலை. ஒன்று, ஆளைக் கண்காணித்தார். இன்னொன்று, வேலைக்கும் தங்குவதற்கும் வழி பார்த்துக் கொடுத்தார். இன்று நம் ஊர் நன்னடத்தை அலுவலரிடம் சட்டம் கேட்பதும் இதே இரண்டைத்தான்.

நம் பையன் விஷயத்துக்கு வருவோம். அவனுக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமும் இல்லை. அப்படியானால், கோர்ட் எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்ப முடியாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சிறைதான் என்றால், ஏன் என்று காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

அந்த அறிக்கைக்காக அலுவலர் வீட்டைப் பற்றி விசாரிப்பார். அப்பா குடிக்கிறாரா, பையன் படிப்பை ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், ஊரில் அவனைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பார். கோர்ட்டின் கூண்டில் தெரியாத பையன் அந்தத் தாளில் தெரிவான். அதனால் அலுவலர் கேட்கும்போது பெற்றோர் பூசி மெழுகாமல் உள்ளதைச் சொல்வதே பையனுக்கு நல்லது. அறிக்கை ரகசியமானது. ஊரில் பரப்புவதற்கு இல்லை.

அதன்பின் கோர்ட் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவனை விடலாம். அந்தப் பத்திரம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மேற்பார்வை உத்தரவும் போட்டால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இந்த இடத்தில் தங்கு, குடிக்காதே என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கலாம். மீறினால்? முதல் தடவை ஐம்பது ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். இல்லையென்றால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். தலைக்கு மேல் அந்தக் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மூட்டையைப் பறிகொடுத்தவர் கதி? அவரையும் சட்டம் மறக்கவில்லை. நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். அதைக் கட்ட வழி சொல்லி உதவுவதும் அலுவலர் வேலையில் ஒன்று. பையன் சிறையில் இருந்தால் அவருக்கு ஒரு ரூபாய் திரும்பாது. வெளியே கூலிக்குப் போனால் மாதாமாதம் கொஞ்சமாவது கையில் சேரும். நாளைக்கும் சந்தையில் எதிரெதிரே நடக்க வேண்டிய இரண்டு குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஒரே ஆள் காவல்காரராகவும் அண்ணனாகவும் இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டம்தான். பயமுறுத்தினால் பையன் உண்மையைச் சொல்ல மாட்டான். தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மதிக்க மாட்டான். ஆனால் நம் வீடுகளில் நல்ல தாய்மாமன் இதைத்தானே செய்கிறார்? ‘நேத்து ராத்திரி எங்கடா போனே’ என்று அதட்டுவதும் அவர்தான், ‘டிரைவிங் லைசென்ஸுக்கு நான் பணம் கட்டறேன்’ என்பதும் அவர்தான். அந்த அதட்டலுக்கு மதிப்பு வருவது கூடவே உதவியும் இருப்பதால்.

மலையில் உண்மையான தடை தூரம். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. ஆஜராகத் தவறுவது எல்லா நேரமும் திமிர் அல்ல, பஸ்ஸாகவும் இருக்கலாம். சந்தை நாளில் மலைக்கு வந்து பார்ப்பது, பையன் மதிக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு இருந்தால், பாதிச் சிக்கல் தீரும்.

1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் தடவை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் அதுதான் தண்டனை. அங்கேயும் அவன் ஒழுங்காக வந்தானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நன்னடத்தையில் விட்டால், அந்தத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு கிடையாது. ஆனால் தீர்ப்பே அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். மறைத்தது தெரிந்தால் அதுவே வேலைக்கு உலை வைக்கும்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். தீர்ப்பு நாளன்று, ‘முதல் குற்றம், வயது இவ்வளவு, நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் பார்க்க வேண்டும்’ என்று வக்கீல் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லையா? பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தேவைப்படலாம்.