வாய்ச்சொல் கோப்பையை வெல்லுமா?

மேல்பிரிவுக்கு உயர்வதற்கோ பட்டத்துக்கோ நடக்கும் இறுதிக்கட்டக் கால்பந்துப் போட்டியில், எதிரணிப் பயிற்றுநரின் நிதானத்தைப் பேட்டிகளால் குலைக்கும் உளவியல் அழுத்தமே முடிவைத் தீர்மானிக்கிறது என்னும் வாதம் சான்றுகளின் முன் நிற்பதில்லை.

இவ்வாதத்தினர் தவறாமல் காட்டும் சான்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்துக்கான போட்டியில், 1996 ஏப்ரல் 29 அன்று நியூகாசில் பயிற்றுநர் கெவின் கீகன், மான்செஸ்டர் யுனைடெட் பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசனின் பேச்சால் சீண்டப்பட்டு, அவரை நோக்கித் தொலைக்காட்சியில் கொதித்தெழுந்த நிகழ்வாகும். ஆனால், நியூகாசிலுக்கு ஜனவரியில் இருந்த 12 புள்ளி முன்னிலை, மார்ச் 4 அன்று யுனைடெட்டிடமும் ஏப்ரல் 3 அன்று லிவர்பூலிடமும் அடைந்தவை உள்ளிட்ட தோல்விகளால் அதற்கு முன்பே கரைந்திருந்தது. கீகன் கொதித்த அன்றிரவு அவரது அணி வென்றேயிருந்தது. விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழை இது.

தமிழகத்தின் சான்று இன்னும் தெளிவானது. 2019 மார்ச் 9 அன்று, இந்தியாவின் ஐ-லீக் பட்டத்துக்காக, அக்பர் நவாஸ் பயிற்றுவித்த சென்னை சிட்டி கோவையிலும், அலெஹாந்த்ரோ மெனெண்டெஸின் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டிலும் ஒரே நேரத்தில் ஆடின. தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாபிடம் கோல் வாங்கிய சென்னை சிட்டி, இடைவேளைக்குப் பின் பெத்ரோ மான்சியின் பெனால்டியாலும், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போராவின் இரு கோல்களாலும் 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலும் வென்ற நிலையில், ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பெற்றது. பட்டத்தைத் தீர்மானித்தவை பேட்டிகள் அல்ல, களத்தில் விழுந்த கோல்களே.

அழுத்தம் உண்மையே, அதைத் தாங்கும் திறன் பயிற்சியில் விளைவது. மல்லாங்கிணறு போன்ற சிற்றூரில் பந்தைத் தொடும் சிறுவனுக்குக் கற்பிக்க வேண்டியது, வசைமொழியை அல்ல, பின்தங்கிய நிலையிலும் ஆட்டத்தைக் கைவிடாத அந்த உறுதியையே.