கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள்



வேலை போனால் சம்பளம் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். சம்பளத்தோடு சேர்ந்து போகும் இன்னொன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் மருத்துவக் காப்புறுதி. அதைப் பற்றி இந்த மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இலங்கையில் எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதி கிடையாது. அரச ஊழியர்களுக்கு ‘அக்ரஹார’ என்னும் திட்டம் உண்டு. கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகள் சில, தமது ஊழியர்களைக் கூட்டாகக் காப்புறுதி செய்து வைத்திருக்கின்றன. சில இடங்களில் ஊழியரின் தாய் தகப்பனையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இங்கிருக்கும் பெற்றோருக்காகத் தவணைப் பணம் கட்டி வருவதும் உண்டு. எஞ்சியிருக்கும் பெரும்பான்மையினரிடம் அப்படி எந்த அட்டையும் இல்லை.

அட்டை போனபின் வீட்டில் நடப்பது

யுத்தத்தில் ஊரை விட்டு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன் இல்லை. மகள் ஒருத்தி கம்பனியில் வேலை செய்கிறாள். அவளுடைய காப்புறுதி அட்டையில் தாயின் பெயரும் இருக்கிறது. தாய்க்கு பிரஷரும் நீரிழிவும் உண்டு. அட்டை இருக்கும்வரை தனியார் வைத்தியசாலைக்குப் போகிறார்கள், விசேட வைத்தியரைக் காட்டுகிறார்கள், எழுதிய மருந்தை வாங்குகிறார்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு இனித் தேவையில்லை என்று எண்ணி, பழைய கொப்பியையும் எங்கேயோ போட்டுவிடுகிறார்கள்.

2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. வேலையோடு அட்டையும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்த வீட்டில் முதலில் குறைவது எது? வாடகையைக் குறைக்க முடியாது. பிள்ளைகளின் ரியூஷன் காசை நிறுத்த மனம் வராது. ஆகவே தாயின் மருந்துதான் குறைகிறது. குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளே குறைத்துக்கொள்கிறாள். இரண்டு குளிசை போட வேண்டிய இடத்தில் ஒன்று. தினமும் போட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள். கேட்டால், “எனக்கு இப்ப ஒண்டுமில்லை, சுகமாத்தான் இருக்கிறன்” என்பாள்.

பிரஷர் வலிக்காது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. சீனி கூடுவதும் பல நாட்களுக்கு வெளியே தெரியாது. மருந்தை விட்ட மறுநாளே ஏதாவது நடந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஆனால் மாதக் கணக்கில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். பிறகு ஒரு நாள் கை கால் இழுத்துக்கொள்ளும். அல்லது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் போகும். கண் மங்கும். சிறுநீரகம் பழுதாகும்.

அப்போது செலவு மருந்தோடு நிற்பதில்லை. பாரிசவாதத்தில் படுத்த தாயைத் தூக்கவும் கழுவவும் உணவூட்டவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மகள்தான். புதிதாகத் தேடிய வேலையையும் அவள் விடுகிறாள், அல்லது பேத்தி பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறாள். மாதம் சில ஆயிரம் ரூபாய் மருந்தை மிச்சம் பிடித்ததற்கு மூன்று தலைமுறைப் பெண்கள் விலை கொடுக்கிறார்கள்.

எமக்காக எழுதப்படாத பத்திரங்கள்

சொந்தமாகக் காப்புறுதி எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வசதியுள்ளவர்கள் எடுப்பது நல்லதுதான். ஆனால் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். வயது கூடக்கூடத் தவணைப் பணமும் கூடும். ஒரு வயதுக்குப் பிறகு புதிதாகச் சேர்க்கவே மாட்டார்கள். ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்குப் பணம் தராமல் விலக்குவது, அல்லது சில காலம் பொறுக்கச் சொல்வது, உலகெங்கும் காப்புறுதி நிறுவனங்களின் வழமை. யுத்தத்தால் வரும் காயங்களை விலக்குவதும் அவ்வாறே.

உடம்பில் செல் துண்டோடு வாழும் ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? எந்த வருத்தத்துக்காக அவளுக்குப் பாதுகாப்பு வேண்டுமோ, அந்த வருத்தமே பத்திரத்துக்கு வெளியே நிற்கிறது. 

அரசுகள் நடத்தும் திட்டங்களும் என்றென்றைக்கும் இருப்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்காக 2017 இல் தொடங்கப்பட்ட ‘சுரக்ஷா’ இலவசக் காப்புறுதி 2022 இன் முடிவில் தடைப்பட்டு, 2024 இல்தான் மீண்டும் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விழுந்து கை முறிந்த பிள்ளையின் செலவை வீட்டார்தான் ஏற்றிருப்பார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பும் குடும்பம் அந்த அட்டையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். திரும்பி வந்தோர் பலர் இங்கே கிளினிக்கில் பதியாமலே காலத்தைக் கடத்திவிடக் கூடும். உங்கள் அயலில் அப்படி யாரும் இருந்தால் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தவணைப் பணம் இல்லாத காப்புறுதி

அப்படியானால் எமக்குக் காப்புறுதியே இல்லையா? உண்டு. அரச வைத்தியசாலைதான் எமது காப்புறுதி. அதற்கு வயதெல்லை இல்லை. பழைய வருத்தம், புதிய வருத்தம் என்ற பாகுபாடு இல்லை. வேலை போனாலும் அது போகாது.

இது சும்மா கிடைத்ததல்ல. 1931 இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934 - 35 இல் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். வாக்குக் கேட்டுப் போனவர்களால் அந்த மக்களுக்கு முகம் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கிராமங்களில் வைத்தியசாலைகள் எழுந்தன. மருத்துவ மாதுக்கள் வீடு வீடாகச் சென்றார்கள். 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1930 களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில், இந்த நூற்றாண்டில் அந்த எண்ணிக்கை 30, 40 என்ற அளவுக்கு இறங்கியது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்தக் காப்புறுதியும் கைநழுவிப் போகலாம் என்பதை எம்மைப் போல் அறிந்தவர்கள் இல்லை. யுத்த காலத்தில் வடக்குக்குச் செல்லும் மருந்துகள் மட்டுப்படுத்தப்பட்டன. பெரிய சிகிச்சை வேண்டுமானால் கொழும்புக்கு வர வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்கள் பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கினார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு மேலும் வெளியேற்றுவதைத் தடுத்தது. வைத்தியசாலையின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அங்கே போய்ச் சேரும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த நாள் காட்டியது.

2022 இல் வேறொரு விதமாக வழி அடைபட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. மருந்துகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருபவை. மார்ச் மாதம் மருந்து விலைகளை 29 வீதம் உயர்த்த அனுமதி கொடுக்கப்பட்டது. ஏப்ரல் முடிவில் 60 வகை மருந்துகளின் விலை மேலும் 40 வீதம் கூடியது. பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. கிளினிக்கில் “இந்த மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்” என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் அந்த 60 வகை மருந்துகளின் விலை 16 வீதம் குறைந்தது. ஆனால் துண்டோடு பார்மசிக்குப் போய், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண்களை இன்றும் காண்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கையில் காப்புறுதி அட்டை இருந்தாலும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிவை வைத்திருங்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவிலை வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலையும் எட்டாத தூரத்தில் இல்லை. ஊர் மாறிப் போனால் வைத்தியரிடம் கடிதம் கேட்டு வாங்கி, புதிய இடத்துக் கிளினிக்கில் உடனே பதியுங்கள். கொப்பியையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் ஒரே பையில் வையுங்கள்.

இரண்டாவது, மருந்து வாங்கக் காசு போதாவிட்டால் நீங்களாகக் குறைக்காதீர்கள். அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். “இந்த மருந்து வாங்க வசதியில்லை, வேறு உண்டா?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகிறது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ‘ஒசுசல’ கடைகளில் முதலில் விலை கேளுங்கள்.

மூன்றாவது, வருத்தம் வருமுன் பாருங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் சுகவனிதையர் கிளினிக் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம் ஆகியவற்றையும் அங்கே பார்ப்பார்கள். காசு இல்லை.

நான்காவது, பெரிய சத்திரசிகிச்சை என்று சொன்னவுடன் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி கேட்கலாம். 2025 முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க முடியும். வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ ஊழியர் நம்பிக்கை நிதியம் இருந்தால், இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை போன்றவற்றுக்கு அங்கிருந்து உதவி உண்டா என்று விசாரியுங்கள். அவசரமென்றால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடெங்கும் ஓடும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக ஒன்று. கிளினிக்குக்குப் போகாமல் விடுவதற்குக் காசு மட்டும் காரணமல்ல. மொழி தெரியாத பயம், விடிகாலையில் போய் வரிசையில் நிற்கும் அலுப்பு, தனியாகப் போக முடியாத தயக்கம் என்று பல உண்டு. இவற்றை அரசாங்கம் தீர்க்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சிங்களம் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே நாளில் கிளினிக் திகதி கேட்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கைப் பார்த்து முடித்த பின், “மருந்தை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். முதல் கூட்டத்தில் யாரும் கை உயர்த்த மாட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவராவது தனியே வந்து சொல்லுவார்.

யுத்தம் எம்மிடமிருந்து எடுத்தவை ஏராளம். எஞ்சியிருக்கும் உடம்பையாவது காப்போம். பிள்ளைகளுக்காக என்று சொல்லி உங்கள் மருந்தைக் குறைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது நடமாடும் தாய்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.