பெட்டியில் இருக்கிற எண்ணை நம்பாதீங்க மக்களே

எங்க ஊர் திருவண்ணாமலை தேரடி வீதியில் அரிசி விற்கிற கடைக்காரர் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வாங்கணும். இல்லேன்னா அபராதம். நானோநியூட்டன் கணக்கில் விசையை அளந்தேன்னு ஆய்வுக்கட்டுரை எழுதுறவர் மட்டும், ஊசி வந்த பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே போட்டுட்டுப் போகலாமாம். என்ன நியாயம் இது?

அணுவிசை நுண்ணோக்கி 1986-ல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் கொண்டுவந்தது. டைவிங் பலகை மாதிரி ஒரு மெல்லிய பலகை, நுனியில் ஊசி. பலகை எவ்வளவு வளையுதுன்னு லேசர் சொல்லும். வளைவை விறைப்பால் பெருக்கினால் விசை. தடிமன் வெறும் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 33 சதவீதம் எகிறும். பெட்டியிலேயே "இதிலிருந்து இதுவரை" என்று பெரிய வீச்சு போட்டிருப்பான். நம்மாட்கள் கண்ணுக்கு நடு எண் மட்டும்தான் தெரியும் :)

"நான் காற்றிலேயே அளந்துட்டேனே" என்பவர்கள் அடுத்த ரகம். செல்லையும் புரதத்தையும் தண்ணீருக்குள்தானே பார்க்கிறீங்க? பலகையின் விறைப்பு தண்ணீரில் மாறாது, சரி. ஆனால் லேசர் ஒளி தண்ணீரில் விலகும். வோல்ட்டை நானோமீட்டராக்கும் எண் அப்போதே மாறிப்போச்சு. அதிர்வெண்ணும் மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிடும். தங்கப்பூச்சு உள்ள பலகை வெப்பம் மாறினால் தானாகவே வளையும். அது அடங்குற வரைக்கும் பொறுமையா உட்காரணும்.

கண்ணாடியில் அழுத்தி அளந்தால் ஊசி மழுங்கிடும் என்பார்கள். சோதனை முடிந்த பிறகு அழுத்துங்களேன், யார் வேண்டாம்னா? அழுத்தாமலும் வழி இருக்கு. விறைப்பைக் காற்றில் சேடர் முறையில் எடுத்துக்கணும். அப்புறம் தண்ணீரில் பலகையின் வெப்ப நடுக்கத்தைப் பதிவு செய்தால், அந்த மாற்று எண்ணைத் திருப்பிக் கணக்கிட்டுக்கலாம். 2017-ல் ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து வெளியிட்ட ஸ்நாப் என்ற வழிமுறையும் இந்த எண்ணைத் திருத்தினதால்தான், ஒரே மாதிரிக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வந்த வித்தியாசத்தைக் குறைத்தது.

ஒண்ணும் பெரிசா கெட்டுப்போகலையேன்னு கேட்காதீங்க. 2007-ல் கலிஃபோர்னியாவில், நோயாளிகளிடம் எடுத்த பரவும் புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையா இருக்குன்னு இதே கருவியை வைத்துக் காட்டினார்கள். ஒரு ஆய்வகம் கண்ட மென்மையை இன்னொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட்டு நாளைக்கு நோயைச் சொல்லணும்னா, இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்து எழுதின எண்ணை வைத்து எப்படிச் சொல்றது?